சிங்கிள் ஏசி ரூமும் 65,300 ரூபாயும்

முந்திரி மண்டியில் கணக்கு எழுதுவது என் வேலை. வீடு கடலூர் திருப்பாப்புலியூரில், மண்டி பண்ருட்டியில். மூட்டைக்கு எத்தனை கிலோ சொத்தை, எவ்வளவு ஈரம், அதற்கு எவ்வளவு கழிவு என்று நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய சீட்டைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்ட நான் 2024 ஆகஸ்டில் ஒரு ஆஸ்பத்திரி கவுண்டரில் நின்று, ஒரு வரிகூடப் படிக்காமல் ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவுக்கு அப்போது 63 வயது. ராத்திரி பதினொரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகு வரைக்கும் போனது. வாந்தி வேறு. வாயு என்று நினைத்துப் பெருங்காயத் தண்ணீர் கொடுத்தோம். விடிந்ததும் மஞ்சக்குப்பத்தில் ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல், பையும் வீங்கியிருக்கிறது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்க வேண்டும், ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர்.

அக்கா வீட்டுக்காரர் பாண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியைச் சொன்னார். கடலூர்க்காரர்களுக்கு இது பழகிய பயணம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி எல்லை. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போய்க்கொண்டே இருந்தால் ஊர் வந்துவிடும். பாதி ஊர் சரக்குக்காகவும் மீதி ஊர் வைத்தியத்துக்காகவும் அந்தச் சாலையில் போகிறது என்று மண்டியில் ஒரு பேச்சு உண்டு.

கவுண்டரில் இருந்த பெண் முதலில் கேட்டது நோயைப் பற்றி இல்லை. "ரூம் எது சார் போடட்டும்? ஜெனரல் வார்டு, ட்வின் ஷேரிங், சிங்கிள் ஏசி?"

வார்டு 1,200. இரண்டு பேர் அறை 2,800. தனி ஏசி அறை 6,000. நான் தயங்கினேன். மாமா தயங்கவில்லை. "அத்தையை இன்னொருத்தர்கூடப் போட்டா பார்க்க வர்றவங்க என்ன பேசுவாங்க? சிங்கிள் போடச் சொல்லு மாப்ள, நாலு நாளைக்கு மிஞ்சிப்போனா பத்துப் பன்னெண்டாயிரம் கூட ஆகும். இன்சூரன்ஸ் இருக்கே."

என் மனக்கணக்கும் அதுதான். 3,200 ரூபாய் வித்தியாசம், நான்கு நாள், 12,800. சரி, போகட்டும். அங்கேதான் தவறினேன். அந்த ஆஸ்பத்திரியில், பெரும்பாலான தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான், அறை என்பது தூங்குகிற இடத்தின் வாடகை மட்டும் இல்லை. அது விலைப்பட்டியலின் பெயர். எந்த அறை என்று சொன்னோமோ அந்த அறைக்கான பட்டியலில்தான் சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், தினமும் வந்து எட்டிப்பார்க்கும் டாக்டரின் விசிட் எல்லாம் போடுகிறார்கள். அதே சர்ஜன், அதே தியேட்டர், அதே கத்தி. பின்னாளில் கேட்டு வாங்கிப் பார்த்த கட்டண அட்டையில், இதே ஆபரேஷனுக்குச் சர்ஜன் ஃபீஸ் ட்வின் ஷேரிங்கில் 32,000. தனி ஏசியில் 45,000. முந்திரிக் கணக்கில் சொல்வதென்றால், சின்னதான 320 கிரேடு பருப்பை, பெரிய பருப்புக்கான 180 டப்பாவில் போட்டு 180 விலைக்கு எடைபோடுவது. மண்டியில் இதைச் செய்தால் சண்டை வரும்.

எங்கள் பாலிசி 3 லட்ச ரூபாய்க்கு. 2021 ஜூலையில் ஒரு நண்பனின் அண்ணன் மூலமாக எடுத்தது. "கார்டை நீட்டினா போதும், ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்று அவர் சொன்னதுதான் நான் அறிந்த பாலிசி விவரம் மொத்தமும். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: அறை வாடகை, நாள் ஒன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். 3 லட்சத்தில் 1 சதவீதம் 3,000. நான் எடுத்த அறை 6,000.

இதன் அர்த்தம், வாடகையில் பாதியை நாம் கட்ட வேண்டும் என்பதோடு முடிவதில்லை. தகுதியான அறை 3,000, எடுத்த அறை 6,000 என்றால் விகிதம் பாதி. அறையை ஒட்டி ஏறுகிற எல்லாக் கட்டணத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனி பாதிதான் தரும். "நீ மேல் பட்டியலுக்குப் போனதால்தானே சர்ஜன் ஃபீஸ் ஏறியது, அந்த ஏற்றத்துக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்" என்பது கம்பெனியின் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கவுண்டரில் நிற்கும்போது அதை யாரும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொரு சில்லறை விஷயம். ஐசியு தவிர்த்த அறைக்கு நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, 2022 ஜூலை 18 முதல். எனக்கு 1,200 ரூபாய் அப்படிப் போனது. கம்பெனி அதையும் தரவில்லை.

கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டும் முறை, என்றாலும் 30,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். கம்பெனியிடமிருந்து அனுமதி வந்ததும் கழித்துக்கொள்வோம் என்றார்கள், கழித்தும் கொண்டார்கள். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் நிலம் கிரயம் பண்ணிய பணத்தைப் பையோடு கொண்டுவந்திருந்தது. கேஷியர் வாங்கவில்லை. ஒரே சிகிச்சைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. பல தவணையாகப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரே நிகழ்வு என்றுதான் கணக்கு. பாவம், பையைத் தூக்கிக்கொண்டு பேங்க் தேடிப் போனார்கள். பெரிய ஆபரேஷனுக்குக் கிளம்புகிறவர்கள் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

அடுத்த அடி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் விழுந்தது. ப்ரீ-ஆத், அதாவது கம்பெனியிடம் முன் அனுமதி கேட்கும் படிவம், அனுப்பியாயிற்று, ஒரு மணி நேரத்தில் பதில் வரும் என்றார்கள். பதில் வந்தது, அனுமதி வரவில்லை. கேள்வி வந்தது: "நோயாளிக்கு 3-4 ஆண்டுகளாக வலி இருந்ததாகக் குறிப்பு உள்ளது. முதலில் எப்போது, எங்கே சிகிச்சை பெற்றார்? பழைய ஆவணங்களை அனுப்பவும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். அட்மிஷன் நேரத்தில் டியூட்டி டாக்டர் அம்மாவிடம் "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, "அது மூணு நாலு வருசமாவே சாப்ட்டா உப்புசமா இருக்கும் டாக்டரு, இப்பதான் ரெண்டு மாசமா வலிக்குது" என்றிருக்கிறாள். இளம் டாக்டர், ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். அவர் எழுதியது ஒரே வரி: வயிற்று வலி, 3-4 வருடம்.

பாலிசி எடுத்தது 37 மாதத்துக்கு முன்னால். வலி நான்கு வருடம் என்றால் பாலிசிக்கு முன்பே நோய் இருந்தது என்று ஆகிவிடும். முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த விதியில் அதை அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். எங்களுடையது பழைய பாலிசி, 48 மாதம் என்றே அச்சடித்திருந்தது. ஒரு வரியால் மொத்தமும் போயிருக்கும்.

சர்ஜன் ரவுண்ட்ஸ் வரும் வரை காத்திருந்து, வாசலிலேயே பிடித்தேன். அம்மாவிடம் அவரே மறுபடி விசாரித்தார். உப்புசம் வேறு, வலி வேறு. கல் இருப்பது இந்த வாரம் எடுத்த ஸ்கேனில்தான் முதல்முறை தெரிந்தது என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் மதியம் அனுமதி வந்தது. அவர் செய்தது உள்ளதை உள்ளபடி எழுதியது மட்டும்தான். பொய்யாகத் தேதியை மாற்றச் சொல்லாதீர்கள். அது மோசடிக் கணக்கில் போகும், மொத்தப் பாலிசியும் ரத்தாகும். ஆனால் அட்மிஷன் குறிப்பு எழுதும்போது வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எழுதி முடித்ததும் "என்ன எழுதியிருக்கீங்க டாக்டர்?" என்று தன்மையாகக் கேட்டால் படித்துக் காட்டுவார்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் பாலிசி எடுக்கும்போதே சொல்லிவிடுவதும் இதில் அடங்கும். அம்மாவின் சர்க்கரையை நான் 2021-லேயே படிவத்தில் எழுதியிருந்தேன். இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வேறு திசையில் போயிருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் நாலு சின்னத் துளை. எடுத்த கற்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காட்டினார்கள், மிளகு அளவில் பதினேழு. அக்கா எண்ணினாள். அந்தத் தனி அறை எப்படி இருந்தது என்று கேட்டால், நல்ல அறை. ஜன்னலில் ஒரு வேப்பமரம். அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. நான்கு நாளும் ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை இரண்டில் வைத்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள், பேசுவதற்கு ஆள் இல்லை என்று அலுத்துக்கொண்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தாள்.

டிஸ்சார்ஜ் அன்று காலை ஒன்பது மணிக்கு டாக்டர் போகலாம் என்றார். வெளியே வந்தது மாலை ஐந்தரைக்கு. எல்லோரும் இன்சூரன்ஸ் கம்பெனியைத் திட்டினோம். 2024 மே மாதம், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும் டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால் அந்தச் செலவு கம்பெனியுடையது. ஆனால் அந்தக் கடிகாரம் டாக்டர் "போகலாம்" என்றதும் ஓடத் தொடங்குவதில்லை. ஆஸ்பத்திரி இறுதி பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கம்பெனிக்கு அனுப்பும்போதுதான் ஓடத் தொடங்குகிறது. எங்கள் பில் கிளம்பிய நேரத்தைப் பார்த்தேன்: மதியம் 1.40. ஒன்பதிலிருந்து ஒன்றே முக்கால் வரை அது மாடிக்கும் பில்லிங்குக்கும் நடுவில் எங்கேயோ படுத்திருந்தது. கம்பெனி பதில் சொன்னது நாலரைக்கு. முதல் நாள் மாலையே நர்ஸ் ஸ்டேஷனில் "நாளைக்கு டிஸ்சார்ஜ், சம்மரி தயார் பண்ணிடுங்க சிஸ்டர்" என்று சொல்லி வைத்தால் பாதி நாள் மிச்சமாகும். இதை எனக்குச் சொன்னது அந்தத் தளத்தைப் பெருக்கும் அக்கா. அவருக்குத்தான் அந்த ஆஸ்பத்திரியின் நடைமுறை முழுதும் தெரிந்திருந்தது.

காத்திருந்த நேரத்தில் ஒரே ஒரு உருப்படியான காரியம் செய்தேன். மருந்துப் பட்டியலை உட்கார்ந்து படித்தேன். தியேட்டருக்கென்று வாங்கிய மருந்தும் சாமானும் எல்லாம் செலவாகியிருக்காது. மிச்சத்தை ஃபார்மஸிக்குத் திருப்ப வேண்டும். திருப்பியிருந்தார்கள், பில்லில் கழிக்கவில்லை. ஊசி, செலைன், கையுறை என்று 2,140 ரூபாய். கேட்டதும் சிரித்துக்கொண்டே கழித்துக் கொடுத்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. எடை குறைத்து மாட்டிக்கொண்ட வியாபாரி சிரிக்கிற சிரிப்பு.

பில் மொத்தம் 1,69,700 ரூபாய். கம்பெனி ஒத்துக்கொண்டது 81,825. மீதி 87,875 நாங்கள் கட்ட வேண்டும். மாமா வாயே திறக்கவில்லை. ஜிபேயில் கொஞ்சம், கார்டில் கொஞ்சம், அக்கா வளையலுக்கென்று வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் என்று கட்டிவிட்டு வந்தோம்.

ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்துப் பில்லைப் பரப்பினேன். மண்டிச் சீட்டைப் பார்ப்பது போல மூன்று குவியலாகப் பிரித்தேன்.

முதல் குவியல் அறை. வாடகை 24,000, ஜிஎஸ்டி 1,200. கம்பெனி தந்தது 12,000. இது சரி, என் தலையெழுத்து.

இரண்டாவது குவியல் அறையை ஒட்டி ஏறுகிறவை. சர்ஜன் 45,000, தியேட்டர் 22,000, மயக்க மருந்து டாக்டர் 13,500, டாக்டர் விசிட் 14,000. கூட்டினால் 94,500. பாதி, 47,250. இதுவும் பாலிசியில் சொன்னபடி சரி.

மூன்றாவது குவியலில்தான் கண் நின்றது. மருந்தும் சாமானும் 31,400, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் 18,600. ஆக 50,000. இதில் 4,850 ரூபாய் கொடுக்கவே மாட்டார்கள். கையுறை, மாஸ்க், ஈசிஜி எலக்ட்ரோடு, தெர்மாமீட்டர், சான்றிதழ் கட்டணம் இப்படி 68 பொருள் கொண்ட ஒரு பட்டியல் எல்லா பாலிசியின் கடைசிப் பக்கத்திலும் இருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டி அதற்கென்று ஒரு இணைப்பு எடுத்திருந்தால் தவிர, அவை நம் கைக்காசு. போகட்டும். மிச்சம் 45,150. அதிலும் பாதியை வெட்டி 22,575 மட்டும் தந்திருந்தார்கள்.

எனக்கு உறைத்தது இங்கேதான். பாராசிட்டமால் ஊசி வார்டில் போட்டாலும் தனி அறையில் போட்டாலும் மருந்து டப்பாவில் அச்சடித்த விலைதான். அறையால் ஏறாத விலையை அறையைக் காட்டி எப்படி வெட்டலாம்? பாலிசியை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். "தொடர்புடைய மருத்துவச் செலவு" என்பதற்கு ஒரு விளக்கம் இருந்தது. அதிலேயே எழுதியிருந்தது: மருந்து, உபயோகப் பொருள், உடலுக்குள் பொருத்தும் சாதனம், பரிசோதனை ஆகியவை இதில் சேராது. 2020-லேயே ஐஆர்டிஏஐ போட்ட விதி அது. ஐசியு கட்டணத்தையும் இப்படி விகிதத்தில் வெட்டக் கூடாது. இன்னொன்றும் உண்டு: அறைக்கு ஏற்றபடி கட்டணத்தை மாற்றாத, எல்லோருக்கும் ஒரே ரேட் போடுகிற ஆஸ்பத்திரி என்றால் இந்த வெட்டே செல்லாது.

கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு ஒரு மெயில் எழுதினேன். கோபம் எதுவும் இல்லாமல், ஒரு பக்கம். பாலிசி எண், கிளெய்ம் எண், பாலிசியில் அந்த வரி இருக்கும் பக்கம், மூன்று குவியலின் கூட்டல், எனக்கு வர வேண்டிய தொகை 22,575. இணைப்பாக, ஒவ்வொரு பொருளும் தனித்தனியாகக் குறித்த பில். இந்த விவரமான பில்லைக் கேட்டு வாங்குவது முக்கியம்; "மருந்து 31,400" என்று ஒற்றை வரியில் கொடுத்தால் எதையும் வாதாட முடியாது. முதலில் "விதிகளின்படி தீர்வு செய்யப்பட்டது" என்று அச்சு வார்த்தையில் பதில் வந்தது. அதே மெயிலுக்குக் கீழேயே, எந்த விதி என்று எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மூன்றாவது வாரம் பணம் வந்தது. மன்னிப்போ விளக்கமோ இல்லை, பேங்க் எஸ்எம்எஸ் மட்டும்.

வராமல் போயிருந்தால் அடுத்த படிகளையும் குறித்து வைத்திருந்தேன். ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசா, 155255 என்ற எண். அதற்கு மேல், இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பார்த்துவிட்டு, பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ஒரு வருடத்துக்குள் போகலாம். ஃபீஸ் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை கேட்கலாம். ஆஸ்பத்திரி மீதே குறை என்றால் நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்கிற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கும் கட்டணம் கிடையாது.

ஆக, கடைசிக் கணக்கில் எங்கள் கைக்காசு 65,300. 2,800 ரூபாய் அறையை எடுத்திருந்தால் அந்த 68 பொருள் பட்டியலோடு ஐயாயிரத்துக்குள் முடிந்திருக்கும். பில்லே சின்னதாக இருந்திருக்கும், அந்த வருடத்துக்கு மீதமிருந்த காப்பீட்டுத் தொகையும் கூட இருந்திருக்கும். தகுதியான அறை காலியில்லை என்று சொல்லி மேல் அறையில் போட்டால், காலியில்லை என்பதை எழுதி வாங்கிக்கொண்டு, காலியானதும் மாற்றச் சொல்லிவிட வேண்டும். அதற்காகக் கம்பெனி இரக்கப்படும் என்று எண்ண வேண்டாம். ஆனால் நாலு நாளும் மேல் பட்டியலிலேயே கிடக்காமல் இருக்கலாம்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் பேக்கேஜ் கேட்கலாம். ஆனால் பேக்கேஜில் என்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். எங்கள் தெருவில் ஒருவர் "எல்லாம் சேர்த்து 80,000" என்று நம்பிப் போனார். எத்தனை நாள் என்று கேட்கவில்லை. ஐந்தாவது நாளிலிருந்து தனிக் கணக்கு ஓடியது.

வீட்டுக்கு வந்ததோடு கிளெய்ம் முடிந்துவிடவில்லை என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள், வந்த பிறகு 60 நாள் வரைக்கும் அதே நோய்க்கான செலவை எங்கள் பாலிசியில் கேட்கலாம். நாள் கணக்கு பாலிசிக்குப் பாலிசி மாறும். மஞ்சக்குப்பம் ஸ்கேன், எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பிய பில், இரண்டு முறை போய்க் காட்டிய டாக்டர் ஃபீஸ், மாத்திரை எல்லாம் சேர்த்து 6,240 வந்தது. மருந்துச் சீட்டு இல்லாத மருந்து பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்காக கேஸ் ஷீட் நகல் கேட்டபோது ரெக்கார்ட்ஸ் பிரிவில் "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியில் இருக்கிறது என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே கிடைத்தது.

இதையெல்லாம் மண்டியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, முந்திரி உடைக்கும் அக்கா ஒருவர் சிரித்தார். அவர் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. பஸ் செலவும் டீ செலவும் தவிர வேறு செலவில்லை. அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். அட்டை வாங்க நோய் வரும்வரை காத்திருப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அந்த அக்கா ரேஷன் கடையில் யாரோ சொன்ன அன்றே போய் வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். ஒரு ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்பதால் எல்லா வைத்தியமும் அங்கே அட்டையில் நடக்கும் என்று அர்த்தமில்லை. இதயத்துக்கு உண்டு, எலும்புக்கு இல்லை என்று இருக்கலாம். அதிலும் நம்மைப் போல எல்லை தாண்டிப் பாண்டிக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரி பெயர், சிகிச்சையின் பெயர் இரண்டையும் சொல்லி 1800 425 3993-ல் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஸ்டென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதற்கு உச்ச விலை வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் அப்போது 29,600 ரூபாய், அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்றது. பிறகு விலை மாற்றிக்கொண்டே வருகிறார்கள். காசு கட்டி வைத்துக்கொள்கிறவர்கள் பில்லில் ஸ்டென்ட்டின் விலை, கம்பெனி பெயர், பேட்ச் எண் மூன்றும் தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுத வேண்டும் என்பது உத்தரவு. முழங்கால் மூட்டு மாற்றச் சாதனத்துக்கும் அதே வருடம் ஆகஸ்டில் உச்ச விலை வந்தது.

பாண்டியிலேயே இருக்கும் மத்திய அரசு ஆஸ்பத்திரியான ஜிப்மருக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். கோரிமேட்டில் விடியற்காலை வரிசையைப் பார்த்துப் பயந்தோம், அவ்வளவுதான். அது நல்ல காரணமா என்றால், இல்லை. அவசரம் என்று போனால் எமர்ஜென்சியில் பார்த்திருப்பார்கள். கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே ஒரு வார்த்தை கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. கையில் இன்சூரன்ஸ் கார்டு இருந்தால் கால் தானாகத் தனியார் பக்கம் திரும்புகிறது.

பிரீமியம் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. எங்கள் புதுப்பிப்பு ஜூலையில் வருவதால், அந்த வருடம் 18 சதவீதத்தைச் சுளையாகக் கட்டிவிட்டுத்தான் செய்தியைப் படித்தேன். அறை வாடகைக்கு வரம்பு இல்லாத பாலிசிக்கு அப்போதே மாற்றிவிட்டேன். பிரீமியம் கொஞ்சம் கூடுதல். பழைய வரம்பையே வைத்துக்கொண்டு ட்வின் ஷேரிங்கில் படுப்பதும் சரிதான். அம்மாவைக் கேட்டால் அதைத்தான் சொல்வாள், பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும் என்று.

போன மாதம் காலை ஏழு மணிக்கு ஒரு போன். மண்டியில் எடை போடும் அண்ணன். அவர் சம்சாரத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், பாண்டியில் கவுண்டரில் நிற்கிறார். பின்னால் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம்.

"தம்பி, ரூம் என்னன்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

"பாலிசி பேப்பர் கையில இருக்காண்ணே?"

"பையில இருக்கு. பொண்ணு வச்சிருக்கா."

"எடுக்கச் சொல்லுங்க. ரெண்டாவது பக்கம். அறை வாடகைன்னு ஒரு வரி இருக்கும்."

போனைக் கீழே வைத்த சத்தம். பை ஜிப்பைத் திறக்கிறார்கள். அந்தப் பெண் படிக்கிறாள், பிளஸ் டூ படிக்கிற பெண், ஒவ்வொரு எழுத்தாக. கவுண்டரில் யாரோ சீக்கிரம் சொல்லுங்க என்கிறார்கள்.

"இருங்கம்மா, படிக்கிறோம்ல" என்றார் அண்ணன்.